பூட்டாத கதவும் தீராத கடனும்

சேலம் மாநகரின் வட திசையில் எழுந்து நிற்கும் சேர்வராயன் மலைத்தொடரை நாம் எல்லாரும் அறிவோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து நம்மை ஏற்காட்டில் இறக்கிவிடுகிறது. ஏரியைச் சுற்றிவந்து, லேடீஸ் சீட் முனையில் நின்று கீழே சேலத்தின் விளக்குகளைக் கண்டு திரும்புவோருக்கு மலை ஓர் இனிய காட்சி. அதே மலையைக் காலால் அளப்போருக்கோ அது வேறொன்று. காப்பித் தோட்டத்தின் ஓரமாய், சில்வர் ஓக் மரங்களின் நிழலில், ஒரு மலையூரிலிருந்து மற்றொரு மலையூருக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடப்பவர், பிற்பகலில் மூடுபனி இறங்கி மழை பிடித்துக்கொள்ளும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்: ஒதுங்க இடம் உண்டா?

எளிய கேள்விதான். ஆனால் அதன் பின்னே கடினமான கேள்விகள் நிற்கின்றன. ஒதுங்கும் இடம் யாருடையது? கதவு பூட்டியிருந்தால் நனைந்தவர் என்ன செய்யலாம்? திறந்திருந்தால், உள்ளே நுழைந்தவர் யாருக்குக் கடன்பட்டவர்? மலைநடைக் கழகங்களும் மலையேறுவோர் சங்கங்களும் உலகின் பல பகுதிகளில் பொதுக் குடில்களைக் கட்டி, இக்கேள்விகளுக்குச் சொல்லால் அன்றிச் செயலால் விடை கண்டுள்ளன. அந்த விடையின் உள்ளே ஓர் அறநெறி அடங்கியிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பூட்டிய குடில்

அமெரிக்க மெய்யியலார் ஜோயல் ஃபைன்பெர்க் 1978-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார். அறநெறி பயில்வோர் இன்றளவும் அதைப் பற்றி விவாதித்து வருகின்றனர். உயர்ந்த மலைப்பகுதியில் ஒருவர் நடந்து செல்கிறார். எதிர்பாராத பனிப்புயல் அவரைச் சூழ்ந்துகொள்கிறது, உயிருக்கே இடர். அவ்வேளையில் ஆளில்லாத குடில் ஒன்று கண்ணில் படுகிறது. அது பிறருடைய உடைமை, அடைத்துக் கிடக்கிறது. அவர் சன்னலை உடைத்து உள்ளே நுழைகிறார். மூன்று நாள் அங்கேயே ஒடுங்கியிருந்து, அங்கிருந்த உணவை உண்டு, குளிர் தாங்க அங்கிருந்த மரச்சாமான்களை எரித்து உயிர் பிழைக்கிறார்.

அவர் செய்தது முறையா? முறையே என்கிறார் ஃபைன்பெர்க். நம்முள் பெரும்பாலோர் அதை மறுக்கமாட்டோம். ஆயினும் குடிலுக்கு உரியவருக்கு அவர் ஈடு செலுத்தக் கடமைப்பட்டவர் என்றும் ஃபைன்பெர்க் கூறுகிறார். முடிச்சு இங்கேதான் விழுகிறது. செய்தது தவறில்லை என்றால் ஈடு எதற்கு? ஈடு செலுத்த வேண்டும் என்றால் செய்தது தவறுதானோ? உடையவரின் உரிமை அழிந்துபோகவில்லை, அது சற்று நேரம் விலகி வழிவிட்டது, வழிவிட்ட உரிமை பின்னால் ஒரு கடனை விட்டுச் செல்கிறது என்பதே அவரது விளக்கத்தின் சாரம்.

இதே கேள்வியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் எழுப்பியிருந்தார் என்பதைக் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவரும் அறிவர். கண்கூடான, உடனடியான தேவையில் இருப்பவர் பிறர் பொருளை எடுத்து அத்தேவையைத் தீர்த்துக்கொண்டால் அது உண்மையில் களவாகாது என்பது அவரது முடிவு. அதற்கு அவர் காட்டும் காரணம் ஆழமானது. உலகப் பொருள்கள் மாந்தர் அனைவரின் தேவைக்காகவும் இறைவனால் ஏற்படுத்தப்பட்டவை. 'இது என்னுடையது, அது உன்னுடையது' என்னும் பிரிவினை மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாடு நல்லதே, தேவையானதே. ஆனால் பின்னே வந்த ஏற்பாடு முன்னே இருந்த நோக்கத்தை அழித்துவிட முடியாது. 1965-ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டில் இப்போதனையை மீண்டும் வலியுறுத்தியது.

இரண்டு அறிஞரும் நமக்கு வழிகாட்டுகின்றனர். எனினும் இருவரும் சிந்திப்பது இடருக்குப் பிந்திய நிலையைப் பற்றி. ஒருவர் ஏற்கெனவே இன்னலில் இருக்கிறார். பொருள் ஏற்கெனவே பிறர் கையில் இருக்கிறது. கதவு ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிறது. இதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. சன்னலை உடைக்க வேண்டிய நிலையே எவருக்கும் வராதபடி முன்கூட்டியே ஏதேனும் செய்ய முடியாதா? 'உடைத்தவர் குற்றவாளியா' என்று கேட்பது நீதிமன்றத்தின் வேலை. 'உடைக்க நேராமல் இருக்க நாம் என்ன செய்தோம்' என்பது அன்பின் கேள்வி.

திறந்த கதவு

அன்பின் அந்தக் கேள்விக்கு மிகப் பழைய விடைகளுள் ஒன்று ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் பெரிய புனித பெர்நார்து கணவாய் கடல் மட்டத்திலிருந்து 2,469 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனியில் புதைந்து மடிந்த வழிப்போக்கரின் துயரைக் கண்ட புனித பெர்நார்து, 1050-ஆம் ஆண்டையொட்டி அங்கே ஒரு விருந்தில்லத்தை நிறுவினார். அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் அதைப் பல நூற்றாண்டுகளாக நடத்தி வருகின்றனர். வழிதவறியோரைத் தேடிச் சென்ற அவர்களது நாய்களின் புகழ் உலகறிந்தது. நாய்களைவிட நம் சிந்தனைக்கு உரியது அந்த இல்லத்தின் வாயில். வருபவர் யார், எந்த நாட்டினர், எந்தச் சமயத்தினர் என்று கேளாமல் அது திறந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள பெருமரபு.

மலையேறுதல் ஒரு பயிற்சியாகவும் இன்பமாகவும் வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதில் பங்குத்தந்தையருக்கும் பங்குண்டு என்பதைச் சொல்வதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி. இத்தாலியின் அலாஞா என்னும் சிற்றூரின் பங்குத்தந்தை ஜொவான்னி நிஃபெத்தி, பலமுறை முயன்று, 1842-ஆம் ஆண்டு மோன்தே ரோசா மலைத்தொகுதியின் ஒரு சிகரத்தில் முதன்முதலாகக் கால் பதித்தார். அச்சிகரம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே மலைத்தொகுதியின் மிக உயர்ந்த சிகரத்தை, 1889-இல் செங்குத்தான கிழக்குச் சுவர் வழியாக ஏறியவர்களுள் ஓர் இளங்குருவும் இருந்தார். குடில் ஏதுமற்ற அந்த உயரத்தில், ஒரு பாறை விளிம்பில், அவரும் தோழரும் இரவைக் கழித்தனர். அக்கில்லே ரத்தி என்னும் அக்குருவே பின்னர் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஆனார். 1923-இல் அவர்தான் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். தங்க இடமின்றிப் பாறையில் விழித்திருந்தவர், தங்க இடம் தந்த புனிதரைத் தேர்ந்தது பொருத்தமே. நிஃபெத்தி சிகரத்தின் மேலேயே, 4,554 மீட்டர் உயரத்தில், இத்தாலிய ஆல்ப்ஸ் கழகத்தின் குடில் 1893-இல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள கட்டடம் அது. அதே கழகத்தின் உறுப்பினராய் மலைகளில் நடந்து, நகரில் ஏழைகளின் வீட்டுப் படியேறிய இளைஞர் பியேர் ஜார்ஜோ ஃப்ரசாத்தி, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம்.

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் கழகம் 1863-இல் தொடங்கப்பட்டது. தொடங்கிய ஆண்டிலேயே தேடி என்னும் மலையில் முதல் குடிலைக் கட்டியது. இன்று அதன் பொறுப்பில் ஏறக்குறைய 150 குடில்கள் உள்ளன. உறுப்பினர் அல்லாதோரும் அங்கே தங்கலாம். இவற்றுள் பலவற்றில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. காப்பாளர் கீழிறங்கிவிடும் குளிர்காலத்தில் பெரும்பகுதியை அடைத்துவிட்டாலும், ஓர் அறையை மட்டும் பூட்டாமல் விட்டுச் செல்வர். அதில் படுக்கையும் போர்வையும் அடுப்பும் விறகும் இருக்கும். வந்து தங்கியவர் அதற்குரிய தொகையைப் பெட்டியில் இட்டுச் செல்ல வேண்டும். பார்ப்பவர் எவருமில்லை. மனச்சான்று ஒன்றே அங்கே கணக்கர்.

இதைவிட எளிய வடிவம் ஸ்காட்லாந்தில் உள்ளது. ஆளரவமற்ற மேட்டுநிலங்களில் முன்பு ஆயரும் பண்ணையாட்களும் குடியிருந்து பின் கைவிட்டுப்போன கல்வீடுகளை அங்கே 'பாதி' என்பர். அவை இடிந்து அழிவதைக் கண்ட நடையர் சிலர் 1965-இல் ஒரு சங்கமாகக் கூடினர். காலோவே மலைப்பகுதியின் டன்ஸ்கீன் என்னும் பாழ்வீட்டை முதலில் செப்பனிட்டனர். இன்று ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ நூறு குடில்களை அச்சங்கம் பேணி வருகிறது. அவற்றுள் பெரும்பாலானவை சங்கத்தின் சொத்தல்ல. நிலவுடைமையாளரின் இசைவோடு பேணப்படுபவை. கட்டணமில்லை, முன்பதிவில்லை, பூட்டுமில்லை. மின்விளக்கும் குழாய் நீரும் இல்லை. உறுப்பினர்கள் விடுமுறை நாள்களில் ஓடும் பலகையும் சுமந்து மலையேறிக் கூரை வேய்கின்றனர். அக்கூரையின் கீழ் உறங்குபவர் அவர்கள் அறியாத எவரோ.

நம் மண்ணின் திண்ணை

இவையெல்லாம் ஐரோப்பியரின் வழக்கங்கள் என்று நாம் ஒதுங்கிவிடத் தேவையில்லை. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த திருவள்ளுவரின் மண் இது. நம் பழைய வீதிகளில் ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் திண்ணை இருந்தது. வீட்டுக் கதவுக்குத் தாழ் உண்டு, திண்ணைக்குத் தாழில்லை. அயலூரான் இரவில் வந்து திண்ணையில் துண்டை விரித்துப் படுத்தால், காலையில் வீட்டார் அவனிடம் முதலில் கேட்பது 'தண்ணீர் வேண்டுமா' என்பதாகவே இருந்தது. ஊருக்குப் பொதுவாய்ச் சாவடி, பெருவழிகளில் சத்திரம், கோடையில் தண்ணீர்ப் பந்தல். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் மக்கள் நாவில் நிற்பது போர்களால் அன்று, சாலைகளாலும் சத்திரங்களாலும்தான்.

இவற்றுள் நம் நெஞ்சை மிகவும் தொடுவது சுமைதாங்கி. நட்டு வைத்த இரண்டு கற்கள். அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றித் தாமே சுமையை இறக்கி வைக்கவும், மீண்டும் தாமே ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்துபோன கருவுற்ற பெண்ணின் நினைவாக, அவள் குடும்பத்தார் அதை வழியோரத்தில் நிறுவுவது வழக்கம். தம் வீட்டுத் துயரத்தை, முகம் அறியாத வழிப்போக்கரின் சுமையைத் தாங்கும் கல்லாக மாற்றிய மக்கள் நம் முன்னோர். மலைக் குடிலின் மெய்ப்பொருளை இதைவிடத் தெளிவாக யார் விளக்க முடியும்?

நல்ல சமாரியர் உவமையிலும் இதைக் காணலாம். அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிய சமாரியரைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் நிகழ்ந்துள்ளன. அந்தச் சாவடியைப் பற்றி நாம் பேசுவது அரிது. எரிகோ செல்லும் அவ்வழியில் ஒரு சாவடி இல்லாதிருந்தால், சமாரியரின் இரக்கம் சாலையோரத்திலேயே நின்றுபோயிருக்கும். எண்ணெயும் திராட்சை மதுவும் தனி ஒருவரின் கையில் இருக்கலாம். கூரையோ பலர் கூடி முன்னரே எழுப்பியிருக்க வேண்டிய ஒன்று. இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் ஆகும் செலவையும் ஏற்ற சமாரியர், தாம் இல்லாத நாளிலும் தம் இரக்கம் தொடர வழிசெய்தார்.

பொதுவென்றால் யாருக்கும் இல்லையா?

இங்கே ஓர் எதிர்வாதத்தை நாம் நேர்மையாகச் சந்திக்க வேண்டும். மிகப் பலருக்குப் பொதுவாக உள்ளது மிகக் குறைந்த கவனத்தையே பெறும் என்று அரிஸ்டாட்டில் தமது அரசியல் நூலில் எச்சரித்தார். அவர் கூற்று பொய்யில்லை என்பதற்கு ஏற்காட்டின் காட்சி முனைகளே சான்று. ஞாயிறு மாலை கழிந்தபின் அங்கே கிடக்கும் ஞெகிழிப் பைகளும் உடைந்த மதுப்புட்டிகளும், பொது இடத்தை நாம் நடத்தும் விதத்தைக் காட்டுகின்றன. பூட்டாத குடிலை நாம் சேர்வராயன் மலையில் கட்டினால் அதன் கதி என்னவாகும்? சன்னல் சட்டம் விறகாகும். சுவரெல்லாம் பெயர் கிறுக்கல் ஏறும். மூன்றே மாதத்தில் குடித்துக் களிப்போரின் கொட்டகையாகும். ஆகவே பூட்டு வேண்டும் என்பது பொருளற்ற கூற்றன்று.

இதற்கும் புனித தோமாவே வழிகாட்டுகிறார். பொருளைப் பேணிக் காத்து வழங்கும் பொறுப்பையும், பொருளால் வரும் பயனையும் அவர் வேறுபடுத்துகிறார். பேணும் பொறுப்பு தனித்தனி ஆளிடம் இருப்பது நல்லது. ஏனெனில் தன் பொறுப்பில் உள்ளதையே மனிதன் அக்கறையோடு கவனிக்கிறான். இதுவரை அரிஸ்டாட்டிலும் அவரும் ஒன்றே. ஆனால் பயனைப் பொறுத்தமட்டில், பிறர் தேவையுறும்போது எளிதில் பகிர்ந்தளிக்கும் மனத்தோடு, அப்பொருளைப் பொதுவானதாகவே கருத வேண்டும் என்கிறார்.

மலைநடைக் கழகம் என்பது இந்த வேறுபாட்டைக் கல்லிலும் மரத்திலும் எழுதிக் காட்டிய அமைப்பு என்று நமக்குத் தோன்றுகிறது. பொதுக் குடில் யாருக்கும் சொந்தமற்றது அன்று. அதற்குப் பொறுப்பானவர் பெயர் குறித்துச் சொல்லத்தக்கவர். கூரை ஒழுகினால் யார் ஏணி வைத்து ஏற வேண்டும் என்பது தெரியும். ஆனால் அந்தப் பொறுப்பு, உள்ளே உறங்கும் உரிமையைத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்வதில்லை. உழைப்பு சிலருடையது, நிழல் அனைவருக்கும். அரிஸ்டாட்டிலின் எச்சரிக்கைக்கு விடை பூட்டு அன்று. துடைப்பம் ஏந்திய சிலர்.

இதனால் 'உறுப்பினர்' என்னும் சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. மலைவாழிடங்களில் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அமைந்த கிளப்புகளை நாம் அறிவோம். அவற்றுள் பலவற்றில் உறுப்பினராதல் என்பது வாயிலின் உட்புறத்தில் நிற்பது. இந்நாட்டவர் வெளியே நிற்பதற்கான ஏற்பாடும் அதுவே. பணியாளராக மட்டுமே நம்மவர் உள்ளே நுழைய முடிந்தது. ஆட்சி மாறியபின் நிறத்தின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்ட இடங்களும் உண்டு. பொதுக் குடிலின் உறுப்பினரோ, பிறருக்கு முன்னே உள்ளே நுழைபவர் அல்லர். பிறர் சென்ற பின்னும் இருந்து கூட்டிப் பெருக்குபவர்.

ஒரு சோதனையை நாம் எண்ணிப் பார்க்கலாம். பன்னிருவர் படுக்கக்கூடிய குடிலில் கழகத்தார் பன்னிருவர் படுத்துவிட்டனர். இரவு பத்து மணிக்கு மழையில் நனைந்து நடுங்கியபடி பதின்மூன்றாமவர் வந்து கதவைத் தள்ளுகிறார். அவர் உறுப்பினர் அல்லர்; சந்தா செலுத்தியவர் அல்லர்; கூரை வேய்ந்த நாளில் ஓர் ஆணியும் அடித்தவர் அல்லர். நீதியின் கணக்கில் அவருக்கு உரிமை ஏதுமில்லை. ஆயினும் உறங்குவோர் சற்று நெருங்கிப் படுக்கவில்லை என்றால், அக்கூரையை எழுப்பிய நோக்கமே அன்றிரவு தோற்றுவிடும். கழகத்தின் நூறு தீர்மானங்களைவிட, அந்த ஒரு நொடியில் ஒருவர் தம் பாயைச் சுருட்டிக்கொள்ளும் செயலே அக்கழகம் எத்தகையது என்பதைக் காட்டும்.

சேர்வராயனில் விருந்தினர் யார்?

சேர்வராயன் மலைக்கு வரும் நாம் இன்னொரு கேள்வியையும் தவிர்க்க இயலாது. இம்மலையில் விருந்தோம்புபவர் யார், விருந்தினர் யார்?

சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவருவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலையில் மக்கள் வாழ்ந்தனர். தமிழ் பேசும் இப்பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். மலையை ஆள்வோர் என்று பொருள். காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் வந்தனர் என்றும், மூத்தவர் சேர்வராயனிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினர் என்றும் அவர்கள் தம் வரலாற்றைச் சொல்வர். 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சேர்வராயன் உச்சியில், தாழ்ந்த குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கும் கோயிலுக்கு, மே மாதத் திருவிழாவின்போது மலையூர்கள் எங்கிருந்தும் மக்கள் நடந்தே வருகின்றனர். நாம் 'மலைநடைப் பாதை' என்று பெயரிடும் தடங்கள், அவர்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் நடந்து நடந்து உண்டாக்கியவை. அப்படியிருக்க, அங்கே ஒரு குடிலைக் கட்டி நாம் கதவைத் திறந்து வைத்துவிட்டு விருந்தோம்புவோராய் நம்மைக் கருதிக்கொள்வது சற்று வேடிக்கையானது. நாமே அம்மலையின் விருந்தினர்.

இதை மறந்தால் இடர் வரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. மலையேறச் சென்ற இளையோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கீழிருந்த ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளரும் மீட்பதற்கு விரைந்தனர். அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கான விதிகளை அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை வாயிலாக நாற்பது பாதைகள் ஒழுங்குசெய்யப்பட்டு, பழங்குடியினரும் உள்ளூர் இளையோரும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் புல் எந்த மாதத்தில் காய்ந்திருக்கும் என்று அறிந்தவர் முன்னே நடக்க, நாம் பின்னே நடப்பது பாதுகாப்புக்கு மட்டுமன்று, பணிவுக்கும் உகந்தது.

நம் பங்கு இளையோர் சிலர் ஆண்டுதோறும் சேர்வராயன் மலையில் நடப்பது வழக்கம். தங்களுக்கென ஒரு தங்குகுடில் வேண்டும் என்னும் பேச்சு அவர்களிடையே எழுந்தபோது இரண்டு கருத்துகள் மோதின. சாவி செயலரிடம் இருக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். பூட்டே வேண்டாம் என்றனர் மறு சாரார். பேச்சு முற்றிய வேளையில் கல்லூரியில் பயிலும் பெண் ஒருத்தி கேட்டாள்: 'விறகுச் சுமையோடு மலையூர் அம்மா ஒருவர் மழைக்கு வந்து நின்றால், நீங்கள் உறுப்பினரா என்று கேட்போமா?' சற்று நேரம் எவரும் பேசவில்லை. குடில் இன்னும் கட்டப்படவில்லை. கேள்வி மட்டும் நம்மிடையே தங்கிவிட்டது.

நமக்குத் தோன்றும் விடை இதுவே. ஆல்ப்ஸ் குடிலின் குளிர்கால அறையும் நம் ஊர்த் திண்ணையும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. குடிலின் உள்ளறையில் கருவிகளையும் போர்வைகளையும் மருந்துப் பெட்டியையும் வைத்துப் பூட்டலாம். அது பேணுவோரின் பொறுப்பு. முன்னறைக்கோ பூட்டு வேண்டாம். ஒரு கூரை, சுவரையொட்டி ஒரு திண்ணை, ஒரு குடம் நீர். அது வருவோர் அனைவரின் உரிமை. காப்புக் காட்டில் அன்றி, உரிய இசைவோடு, ஊரார் காட்டும் இடத்தில் அது அமையட்டும். அருகிலுள்ள மலையூரைச் சேர்ந்த ஒருவர் தக்க ஊதியத்தோடு அதைக் கவனிக்கட்டும். அவருக்குச் சாவி இருக்க வேண்டும். நமக்கு இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

கடன் யாருக்கு?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கடைசிக் கேள்விக்கு வருவோம். திறந்த குடிலில் தங்கியவர் யாருக்குக் கடன்பட்டவர்?

ஃபைன்பெர்க்கின் நடையர் உடையவரைத் தேடிப்பிடித்து, உடைந்த சன்னலுக்கும் எரிந்த நாற்காலிக்கும் ஈடு கொடுத்துவிடலாம். அத்தோடு கணக்கு தீர்ந்தது; இருவரும் மீண்டும் அயலார். பூட்டாத குடிலிலோ கணக்கு அவ்வாறு தீர்வதில்லை. கூரை வேய்ந்தவர் இறந்திருக்கலாம். நீர் நிரப்பி வைத்தவர் நேற்றே இறங்கிப் போயிருப்பார். அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. நன்றியும் அவர்களை எட்டாது. ஆகவே கடன் திசை மாறுகிறது. முன்னே சென்றவரிடம் பெற்றதைப் பின்னே வருபவரிடம் செலுத்த வேண்டியதாகிறது. குடத்தை மீண்டும் நிரப்பி, தரையைப் பெருக்கி, அடுப்பை முற்றிலும் அணைத்து, கொண்டுவந்த குப்பையைத் திரும்பவும் பையில் கட்டிக்கொண்டு, கதவை மழை புகாதபடி சாத்திவிட்டு, ஆனால் பூட்டாமல், நடப்பதே அந்தக் கடனைச் செலுத்தும் முறை.

பின்னே வருபவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் நம் இனத்தவரா, நம் சமயத்தவரா, நம்மை மதிப்பவரா என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. நம் அன்பு பெரும்பாலும் முகம் பார்த்தே பிறக்கிறது. கைம்மாறு இல்லாவிடினும் ஒரு புன்னகையையாவது எதிர்பார்க்கிறது. குடிலை விட்டிறங்குபவருக்கு அதுவும் இல்லை. அவர் செய்து வைத்ததைக் காண்பவர் வரும்போது அவர் பாதி மலை இறங்கியிருப்பார்.

நாம் வாழும் நிலமும் அருந்தும் நீரும் பேசும் மொழியும் செபிக்கும் ஆலயமும் இத்தகைய குடில்களே அல்லவா? அவற்றை எழுப்பிய கைகளை நாம் கண்டதில்லை. நமக்குப் பின் அவற்றில் ஒதுங்கப்போகும் முகங்களையும் காணப்போவதில்லை. ஏற்காட்டுச் சரிவில் ஒரு மாலையில் மழை வரும்போது, நாம் நிரப்பி வைத்த குடத்தைச் சாய்த்து ஒருவர் நீர் அருந்துவார். நம்மை அவர் அறியமாட்டார். புறப்படுமுன் அவரும் அக்குடத்தை நிரப்பி வைத்தால், அதுவே நமக்குப் போதும்.